மூளைக்கு பெட் ஸ்கேன், ஸ்பெக்ட் ஸ்கேன் எப்போது தேவை? கேள்வி பதில்

சிறிதளவு கதிரியக்க மருந்தை ஏற்றி பெட், ஸ்பெக்ட் போன்ற ஸ்கேன்களை எடுக்கும் அணு மருத்துவப் பிரிவில் மருத்துவராக வேலை பார்க்கிறேன். பக்கவாதம், வலிப்பு, நடுக்கம், மறதி என்று மூளை சம்பந்தமான ஸ்கேன்கள் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். உங்கள் நோயாளிக்கு என்ன சிகிச்சை என்பதை அவரை நேரில் பார்க்கும் நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: மேடம், போன மாதம் அப்பாவுக்கு (68) திடீரென்று வலது கையும் காலும் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியில் சி.டி. மட்டும் எடுத்துவிட்டு ஊசி போட்டார்கள். பெட் எடுத்திருந்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்குமா? – மதுரை

பதில்: இல்லைங்க, அவர்கள் செய்ததுதான் சரி. பக்கவாதம் வந்த உடனே முதலில் தெரிய வேண்டியது, ரத்தக் கசிவா அடைப்பா என்பதுதான். சி.டி. அதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். கசிவு இல்லையென்றால், தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். பெட் மருந்தை வரவழைத்து, ஏற்றி, காத்திருந்து படம் எடுப்பதற்குள் அந்த நேரம் கைவிட்டுப் போயிருக்கும்.

ஆனால் இன்று பக்கவாத சிகிச்சை இருக்கும் விதத்துக்குப் பெட் ஸ்கேன் செய்த உதவி பெரியது. நல்ல நிலையில் 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் போகிறது. அது 20-க்குக் கீழே இறங்கினால் செல்கள் வேலையை நிறுத்திவிடும், ஆனால் உடனே சாவதில்லை. 10-க்குக் கீழே போனால்தான் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். வேலை நின்றாலும் உயிர் மிச்சமிருக்கும் இந்தப் பகுதிக்கு ‘பெனம்ப்ரா’ என்று பெயர். 1980-களில் பிரான்ஸின் ழான்-குளோத் பாரோன் போன்றவர்கள் ஆக்சிஜன்-15 என்ற கதிரியக்க ஆக்சிஜனைக் கொடுத்து எடுக்கும் பெட்டை வைத்து மனித மூளையிலேயே இந்த நிலையைப் படம் பிடித்தார்கள். ரத்தம் குறைந்த இடத்தில் திசு, வந்த கொஞ்ச ரத்தத்திலிருந்து வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜனை உறிஞ்சி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆக்சிஜன்-15-இன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) இரண்டே நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்து அறையில் இருந்தால்தான் வேலைக்கு ஆகும். அதனால் அது ஆராய்ச்சிக்கூடத்தைத் தாண்டவில்லை. அதில் கற்றதை, ரத்த ஓட்டத்தைக் காட்டும் சி.டி. பெர்ஃப்யூஷனும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்துக்கொண்டன. 2018-இல் வெளியான டான், டிஃப்யூஸ் 3 ஆய்வுகள், காப்பாற்றக்கூடிய திசு மிச்சமிருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தால் முறையே 24 மணி நேரம், 16 மணி நேரம் வரைகூடக் கம்பி விட்டு ரத்தக்கட்டியை எடுக்கலாம் என்று காட்டின. அதனால் வாய் கோணினாலோ, கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ சி.டி. இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். பெட் இருக்கிறதா என்று தேட வேண்டாம்.

கேள்வி: எம்.ஆர்.ஐ.யில் எல்லாம் தெரியும் என்கிறார்களே, பிறகு பெட், ஸ்பெக்ட் எதற்கு? – கோவை

பதில்: எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பை அற்புதமாகக் காட்டும். அந்த இடம் இப்போது எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டுவதில்தான் எங்கள் ஸ்கேன்கள் தேவைப்படுகின்றன. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான், ஆனால் அது எரிக்கும் சக்தி கிட்டத்தட்ட 20 சதவீதம். பெட்டில் எஃப்.டி.ஜி. என்ற கதிரியக்கச் சர்க்கரையைக் கொடுத்து, எந்த இடம் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று பார்க்கிறோம். ஸ்பெக்ட்டில் பெரும்பாலும் டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்து. ரத்தத்தோடு போய், இரண்டே நிமிடத்தில் மூளைச் செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும். ஊசி போட்ட நேரத்தின் ரத்த ஓட்டம் அப்படியே பதிந்திருக்கும், படத்தை ஒரு மணி நேரம் கழித்துக்கூட எடுக்கலாம். இந்தக் குணத்தால் வலிப்பு நோயாளிகளுக்கு என்ன நன்மை என்று கீழே சொல்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு (14) மோயமோயா நோய் என்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ‘ரிசர்வ்’ பார்க்க இரண்டு தடவை ஸ்பெக்ட் எடுக்கச் சொல்கிறார்கள். எதற்கு இரண்டு? – திருச்சி

பதில்: அம்மா, இது காரணமில்லாமல் எடுக்கும் ஸ்கேன் இல்லை. மோயமோயாவில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்குகின்றன. சமாளிக்க, அதற்கு அப்பால் உள்ள சிறு குழாய்கள் விரிந்து கொடுக்கும். சும்மா இருக்கும்போது எடுத்த படத்தில் ரத்த ஓட்டம் பரவாயில்லை என்றுகூடத் தெரியலாம். இரண்டாவது தடவை அசெட்டசோலமைடு என்ற மருந்தைக் கொடுத்து எடுப்பார்கள். அது குழாய்களை விரிக்கும் மருந்து. நல்ல பகுதியில் ரத்த ஓட்டம் ஏறும். ஏற்கெனவே முழுக்க விரிந்துவிட்ட பகுதியில் ஏற இடமில்லை, சில சமயம் இறங்கவும் செய்யும். அந்தப் பகுதிக்குக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், பைபாஸ் (மூளைக்கு ரத்தம் போக மாற்றுவழி போடும் அறுவை) செய்வதற்கான காரணம் வலுவாகிறது. குழந்தைக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. பெரியவர்களுக்குக் கொழுப்பு படிந்து கழுத்து ரத்தக்குழாய் முழுக்க அடைத்துக்கொள்வது வேறு கதை. அமெரிக்காவில் 195 பேரிடம், பெட் மூலம் ஆபத்தானவர்கள் என்று தேர்ந்தெடுத்தே பைபாஸ் செய்து பார்த்தார்கள். முடிவு 2011-இல் வந்தது. இரண்டு ஆண்டில் அறுவை செய்தவர்களில் 21 சதவீதம் பேருக்கும், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 22.7 சதவீதம் பேருக்கும் பக்கவாதம் போன்ற பாதிப்பு. பெரிய வித்தியாசமே இல்லை, அறுவைக்குப் பிந்தைய முதல் மாத ஆபத்து அந்த நன்மையைத் தின்றுவிட்டது. ஸ்கேன் சரியாகச் சொன்னாலும் சிகிச்சை பலன் தரும் என்று உறுதியில்லை. மோயமோயாவுக்கு இந்த முடிவைப் பொருத்திப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: இடது பக்க மூளையில்தான் ஸ்ட்ரோக். ஸ்பெக்ட் ரிப்போர்ட்டில் வலது சிறுமூளையிலும் ரத்த ஓட்டம் குறைவு என்று இருக்கிறது. இரண்டாவது ஸ்ட்ரோக்கா? – சேலம்

பதில்: பெரும்பாலும் இல்லை. இடது பெருமூளையும் வலது சிறுமூளையும் நரம்பு வழியாகச் சேர்ந்து வேலை செய்பவை. இங்கிருந்து செய்தி வருவது நின்றால் அங்கே வேலை குறைகிறது, வேலை குறைந்தால் ரத்தமும் குறைகிறது. எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளை நன்றாக இருந்தால் கவலை வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு (62) இடது கை நடுங்குகிறது. பார்க்கின்சனா என்று பார்க்க ‘ட்ரோடாட்’ ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். அதில் நிச்சயமாகத் தெரிந்துவிடுமா அக்கா? – தூத்துக்குடி

பதில்: சில கேள்விகளுக்கு நிச்சயமாக, சிலவற்றுக்கு இல்லை. அசைவைக் கட்டுப்படுத்த உதவும் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்புகளின் முனைகள் எவ்வளவு மிச்சமிருக்கின்றன என்பதை இந்த ஸ்பெக்ட் ஸ்கேன் காட்டும். நல்ல மூளையில் இரண்டு பக்கமும் இரண்டு காற்புள்ளி போலத் தெரியும். பார்க்கின்சனில் வால் பக்கம் முதலில் மங்கி, காற்புள்ளி வெறும் புள்ளியாகச் சுருங்கும். இடது கை நடுக்கம் என்றால் வலது பக்கம் அதிகம் மங்கியிருக்கும்.

வம்சாவழியாக வரும் சாதாரணக் கைநடுக்கத்தில் படம் நன்றாகவே இருக்கும். மருந்தால் வந்த நடுக்கத்திலும் அப்படித்தான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தலைசுற்றலுக்கு என்று சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கு என்று ஃப்ளூனரிசின் மாதக்கணக்கில் விழுங்கிவிட்டு, கை நடுங்குகிறது என்று வரும் வயதானவர்கள் இருக்கிறார்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும் இதைச் செய்யும். மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள். சில சமயம் ஸ்கேனுக்குத் தேவையே இல்லாமல் போகும்.

பார்க்கின்சனையும் அதைப் போலவே தோன்றும் பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. போன்ற நோய்களையும் இந்த ஸ்கேன் பிரித்துக் காட்டாது. மூன்றிலும் டோபமின் குறையும். அதற்கு எஃப்.டி.ஜி. பெட் ஓரளவு உதவும். மன அழுத்தத்துக்கு பூப்ரோபியான் எடுக்கிறார் என்றால் ஸ்கேனுக்கு முன் சொல்லுங்கள், அது முடிவைக் கெடுக்கும்.

கேள்வி: தம்பிக்கு வலிப்பு மாத்திரைக்கு அடங்கவில்லை. ஆபரேஷன் பற்றிப் பேசுகிறார்கள். வலிப்பு வரும்போதே ஊசி போட்டு ஸ்கேன் எடுப்பார்களாம். உண்மையா? – வேலூர்

பதில்: உண்மைதான், எங்கள் வேலையிலேயே மிகவும் சிரமமானதும் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். வலிப்பு தொடங்கும் இடத்தில் அந்த நேரத்தில் ரத்தம் குபுகுபுவென்று பாயும். அப்போது ஊசி உள்ளே போனால் அந்த இடம் பதிந்துவிடும்.

தம்பி, மூளை அலைகளையும் வீடியோவையும் சேர்த்துப் பதியும் வீடியோ ஈ.ஈ.ஜி. அறையில் தலை முழுக்கக் கம்பிகளோடு இருப்பார். வலிப்பு வரட்டும் என்று மாத்திரையைக் குறைத்திருப்பார்கள். கையில் ஏற்கெனவே ஊசிக்குழாய் போட்டு, அதன் முனையில் ஈய உறைக்குள் சிரிஞ்ச் தயாராக இருக்கும். நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். டெக்னீஷியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம் என்பதால், காலை 9 மணிக்கு 2 மில்லி போதுமென்றால் மதியம் 3 மணிக்கு 4 மில்லி ஏற்ற வேண்டும். அதற்கான அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருப்போம். திரையில் அலை மாறியதும், அல்லது தம்பியின் முகம் மாறியதும், ஒரு விநாடிகூட யோசிக்காமல் ஊசியை அழுத்த வேண்டும். அரை நிமிடம் தாமதித்தால் வலிப்பு வேறு இடத்துக்குப் பரவி, படமும் தவறான இடத்தைக் காட்டக்கூடும். வலிப்பு அடங்கி அவர் அமைதியான பிறகு ஸ்கேனுக்குக் கூட்டி வந்தால் போதும்.

நீங்கள் கூட இருந்தால், அவருக்கு வலிப்பு வரும் முன் என்ன செய்வார் (சட்டையைப் பிசைவாரா, வெறித்துப் பார்ப்பாரா) என்பதை நர்ஸிடம் சொல்லிவையுங்கள். நிறைய நேரம் திரையைவிட முன்னதாகக் கண்டுபிடிப்பது வீட்டு ஆட்கள்தான். பிறகு வலிப்பு இல்லாத நாளில் எடுத்த இன்னொரு படத்தை இதிலிருந்து கழித்து, மிச்சத்தை எம்.ஆர்.ஐ. மேல் பொருத்திப் பார்ப்போம். எஃப்.டி.ஜி. பெட் எடுத்தால் நேரெதிர்: வலிப்பு இல்லாத நேரத்தில் அந்த இடம் சோர்ந்து, சர்க்கரை குறைவாக எடுத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு மறதி. அமிலாய்டு பெட் எடுத்தால் அல்சைமர் தெரிந்துவிடும் என்று படித்தேன். உடனே எடுக்கலாமா? – சென்னை

பதில்: முதலில் பி12, தைராய்டு, எம்.ஆர்.ஐ. பார்த்தாகிவிட்டதா? மனச்சோர்வு இருக்கிறதா? தூக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை.

அதற்குப் பிறகும் குழப்பம் இருந்தால் எஃப்.டி.ஜி. பெட் நல்ல தொடக்கம். அல்சைமரில் மூளையின் பக்கவாட்டுப் பின்பகுதியும் நடுவில் உள்ள பின் சிங்குலேட்டும் மங்கும். ஃப்ரன்டோடெம்பரல் என்ற மறதிநோய் வகையில் முன்பகுதி மங்கும். லூயி பாடி என்ற இன்னொரு மறதிநோய் வகையில் பார்வைக்கான பின்மண்டைப் பகுதியும் மங்கும். அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைத் தேடுவது அமிலாய்டு பெட். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அல்சைமர் இல்லை என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். இருக்கிறது என்று வந்தால்தான் சிக்கல்: நினைவு நன்றாக உள்ள வயதானவர்கள் பலருக்கும் அமிலாய்டு படிந்திருக்கும். லெகனெமாப் போன்ற அமிலாய்டை நீக்கும் மருந்து கொடுப்பதாக இருந்தால் மட்டும் படிவு இருப்பதை உறுதிசெய்தே ஆக வேண்டும். ஆர்வத்துக்காகவோ பயத்துக்காகவோ எடுக்க வேண்டாம்.

கேள்வி: மூளைக் கட்டிக்கு ரேடியேஷன் முடிந்து ஒரு வருடம். எம்.ஆர்.ஐ.யில் அதே இடத்தில் ஏதோ தெரிகிறது. பெட் உதவுமா? – ஈரோடு

பதில்: உதவும். ஆனால் எந்த மருந்து என்று கேளுங்கள். கட்டி திரும்பினாலும், ரேடியேஷனால் திசு அழுகினாலும் எம்.ஆர்.ஐ.யில் ஒரே மாதிரி தெரியலாம். எஃப்.டி.ஜி.யை நல்ல மூளையே ஏகத்துக்கு எடுத்துக்கொள்வதால் கட்டி அதில் மறைந்துபோகும். அமினோ அமில வகை மருந்துகள் (மெதியோனின், ஃப்ளூரோ-டோபா, எஃப்.இ.டி.) நல்ல மூளையில் குறைவாகவே ஏறும், கட்டி எடுப்பாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஸ்பெக்ட் இருக்கிறது, பெட் இல்லை. ஏன் இப்படி? – கும்பகோணம்

பதில்: டெக்னீஷியம், ஜெனரேட்டர் என்ற சின்னப் பெட்டியில் வந்து இறங்கும், அதிலிருந்து தினமும் கறந்துகொள்ளலாம். பெட்டுக்கு வேண்டிய ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம். சென்னையிலிருந்து ஆறு மணி நேரம் வண்டியில் வந்தால் பத்தில் ஒரு பங்குதான் கையில் மிஞ்சும்.

கேள்வி: ஊசி போட்டு இருட்டறையில் உட்கார வைத்து, போன்கூடப் பார்க்கக் கூடாது என்றார்கள். வீட்டில் கைக்குழந்தை வேறு, கதிர்வீச்சு பயமாக இருக்கிறது. – நாகர்கோவில்

பதில்: போன் பார்த்தால் பார்வைப் பகுதி வேலை செய்யும், பேசினால் பேச்சுப் பகுதி. அந்த அரை மணி நேரத்தில் மூளை செய்யும் எல்லாமே படத்தில் ஏறிவிடும், அதனால்தான். ஊசிக்கு முன் நாலு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை அதிகமிருந்தால் எங்கள் மருந்து மூளைக்குள் சரியாக ஏறாது.

மூளைக்கான எஃப்.டி.ஜி. பெட்டில் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). உலகில் சராசரி மனிதர் இயற்கையாகவே ஆண்டுக்கு 2.4 வாங்குகிறார். உங்கள் மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி கடற்கரைப் பக்கம் தோரியம் மணல் இருப்பதால் அங்கே அது இன்னும் கூடுதல். தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போடும் அளவுக்கு இது பெரிதில்லை. அன்று நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள், சாயங்காலம் வரை குழந்தையை மடியில் வைத்திருக்க வேண்டாம், இரவுக்குள் கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றாலும், கர்ப்பமாக இருக்கலாம் என்றாலும் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள்.