கூட்டுக் கலந்துரையாடலில் ஃபார்ம்.டி (மருந்தியல் பட்டப்படிப்பு) மாணவர் எங்கிருந்து பேசத் தொடங்குவது?

நோயறிதலில் போட்டியிடாமல், நோயாளியின் மருந்துச் சீட்டிலிருந்து பேசத் தொடங்குங்கள். மருத்துவ, செவிலிய மாணவர்களோடு நடக்கும் கலந்துரையாடலில் ஃபார்ம்.டி மாணவரான உங்களுக்குப் பேச இடமே கிடைப்பதில்லை என்கிறீர்கள், "இது என்ன நோய்?" என்ற கேள்வியோடு அமர்வு தொடங்குவதே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும்.

நீரிழிவு நோயாளி ஒருவரின் சீட்டில் மெட்ஃபார்மின் தொடர்ந்துகொண்டிருக்க, ஆய்வக அறிக்கையில் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறனைக் காட்டும் அளவு) 30-க்குக் கீழே இறங்கியிருந்தால், அம்மருந்தை நிறுத்த வேண்டும் என்று சுட்டிக்காட்ட வேண்டியவர் நீங்கள்தான். அந்த நோயாளி மாத்திரைகளை உண்மையில் எப்படி விழுங்குகிறார் என்பது செவிலிய மாணவருக்கே தெரிந்திருக்கக்கூடும். தயங்காமல் அம்மாணவரிடம் கேளுங்கள். வெவ்வேறு துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவர் சேர்ந்தும் கற்பதைத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2010 அறிக்கையும் கூட்டுக் கல்வி என்கிறது.

அடுத்த அமர்வை, "இவர் வீடு திரும்புமுன் எவையெல்லாம் சரிசெய்யப்பட வேண்டும்?" என்ற கேள்வியோடு தொடங்குமாறு ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பேச்சு மூன்று துறையினருக்கும் பரவுகிறதா என்று கவனியுங்கள்.

ஆனால், எப்போதும் மருத்துவத் துறை ஆசிரியர் மட்டுமே அமர்வை நடத்தினால் உங்கள் முயற்சி மட்டும் போதாது. உங்கள் துறை ஆசிரியரும் உடனிருக்க வேண்டும். மருந்து குறித்த ஐயத்தை நோயாளியின் படுக்கையருகே எழுப்பாமல், வெளியே வந்தபின் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.