நடுராத்திரி நெஞ்சுவலி: எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?

கேள்வி: செஞ்சி பக்கம் கிராமம். அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. போன மாதம் நடுராத்திரி நெஞ்சை அடைக்கிறது என்றார், வேர்த்துக் கொட்டியது. வாடகைக் காரில் பக்கத்து டவுன் நர்சிங் ஹோமுக்குப் போனோம். டாக்டர் இல்லை. 10,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு நர்ஸ் ஈ.சி.ஜி. எடுத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த டாக்டர், "இங்கே முடியாது, பெரிய இடத்துக்குப் போங்கள்" என்றார். அப்பா பிழைத்துவிட்டார். முதலில் எங்கே போயிருக்க வேண்டும்? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? இன்னொன்று, பையன் விரலில் அரிவாள்மனை வெட்டியதற்குப் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் மூன்று தையலுக்கு 4,800 ரூபாய் வாங்கினார்கள். இது சரியா?

பதில்: அப்பா பிழைத்தது பெரிய நிம்மதி. நெஞ்சுவலிக்கு முதலில் கூப்பிட வேண்டியது 108. கட்டணம் கிடையாது, வழியிலேயே ஆக்சிஜன், முதலுதவி கிடைக்கும். எந்த ஆஸ்பத்திரியில் வசதி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கார் வாசலில் நிற்கிறதே என்று கிளம்பிவிடுகிறோம். பாதி வழியில் இதயம் நின்றால் காரில் அதற்கான கருவி எதுவும் இருக்காது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டுமே வரலாம், அதையும் நெஞ்சுவலியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிட்டத்தில் இருப்பதைவிட, அந்த நோய்க்கு வேண்டியது அங்கே இருக்கிறதா என்பதுதான் முக்கியம். மாரடைப்புக்கு ராத்திரியிலும் டாக்டரும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் வேண்டும், ஆஞ்சியோ வசதி இருந்தால் இன்னும் நல்லது. வாய் கோணி, கை தொங்கி, பேச்சு குளறினால் பக்கவாதம். அதற்கு சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போவதே வீண், ஏனென்றால் ஸ்கேன் பார்த்த பிறகே போடக்கூடிய ரத்தக்கட்டி கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பாம்புக்கடிக்கு அரசு ஆஸ்பத்திரிதான். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம், சிறு கிளினிக்குகள் பலவற்றில் இருக்காது.

இதையெல்லாம் ஆபத்து வந்த பிறகு விசாரிக்க முடியாது. இந்த வாரமே ஒரு மாலை ஒதுக்கி உங்கள் வட்டார ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டர் இருப்பாரா, சி.டி. ஸ்கேன் ஓடுமா, மாரடைப்புக்கு ஊசி போடுவீர்களா? பதிலைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியையும் பட்டியலில் வையுங்கள், தூரம் என்று ஒதுக்காதீர்கள்.

அட்வான்ஸ் கட்டினால்தான் தொடுவோம் என்பது தப்பு. உயிருக்கு ஆபத்தான நிலையில் முதலுதவி தருவது அரசு, தனியார் எல்லா டாக்டர்களுக்கும் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. சாலை விபத்து என்றால், 2021-ல் வந்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தின் உச்சவரம்புக்குள், இலவசம்.

பையன் காயத்துக்கு வருவோம். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை, விரல் மடங்கவில்லை, மரத்துப்போனது என்றால் பெரிய இடம். மற்றபடி ஆரம்ப சுகாதார நிலையமோ தெரிந்த கிளினிக்கோ போதும். எமர்ஜென்சி வாசலில் நுழைந்தாலே தனிக் கட்டணம் ஏறும், பிரித்துப் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். அட்மிட் ஆகாமல் தையல் போட்டு வந்தால் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசிகள் பெரும்பாலும் தராது.

உங்கள் 10,000? கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ரசீது, ஈ.சி.ஜி., அனுப்பிய சீட்டு மூன்றையும் நகல் எடுத்து, முதலில் நர்சிங் ஹோமுக்கே எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.