இரண்டே வருஷத்தில் மறுபடியும் ஏசி கேஸ் போடணுமா?

இப்போதைக்குப் போடாதீர்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வரும். உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையில் இதே செலவு.

காற்று நன்றாக வருகிறது, குளிர்ச்சிதான் இல்லை, வெளி யூனிட்டில் ஃபேன் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் சின்ன மின் பாகமான கப்பாசிட்டர் மேல்தான் சந்தேகம். அது போனால், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ஒரு முறை உறுமிவிட்டு 'டக்' என்று நின்றுவிடும். மாற்றச் சில நூறு ரூபாய்தான். எங்கள் வீட்டிலும் மெக்கானிக் முதலில் கேஸ் குறைவு என்றுதான் சொன்னார்!

1. ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, காயவைத்து மாட்டுங்கள்.

2. 18 டிகிரியில் கால் மணி நேரம் ஓடவிட்டு வெளி யூனிட்டருகே நில்லுங்கள். ஃபேன் காற்று சூடாக இல்லையென்றால் பெரும்பாலும் கம்ப்ரசர் ஓடவில்லை. கம்ப்ரசர் ஓடியும், மெல்லிய குழாயில் வெண்பனி படிந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவுதான். அப்போது மெக்கானிக்கிடம் குழாய்க்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தோடு அடித்துக் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குழாய் மூட்டுகளில் கசிவின் அடையாளமான எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கப்பாசிட்டரை நீங்களே தொடவேண்டாம். மெயினை அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும். அப்புறம், உள் யூனிட்டின் குழாய்ச் சுருளான காயில் (coil) பல இடத்தில் அரித்து ஓட்டையாகியிருந்தால், பற்றவைத்து அடைத்தாலும் அதிக நாள் தாங்காது; காயில் மாற்ற எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.