குறி யாருக்குத் தப்பியது?

கேள்வி: 2007-ல் அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி ஆப்கானிஸ்தானின் பாக்ராம் படைத்தளத்தில் தங்கியிருந்தபோது நடந்த தற்கொலைத் தாக்குதல் ‘குறி தப்பிவிட்டது’ என்று படித்தேன். அவ்வளவு பெரிய தளத்தின் பாதுகாப்பு எப்படிக் கோட்டைவிட்டது?
- கும்பகோணம் வாசகர்

பதில்: கோட்டைவிடவில்லை. குண்டோடு வந்தவன் வெளிவாசலைத் தாண்டவே இல்லை. உங்கள் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். என்னை உறுத்துவது ‘குறி தப்பிவிட்டது’ என்ற சொல். யாருக்குத் தப்பியது?

அன்று பிப்ரவரி 27. பனி கொட்டியதால் முந்தின நாள் காபூல் போக முடியாமல் செனி அங்கேயே ராத்தங்கினார். காலையில் வெடிச்சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பதுங்கறையில் வைத்திருந்தார்கள். பிறகு காபூல் போய் அப்போதைய ஆப்கன் அதிபர் கர்சாயைப் பார்த்தார். செனியைத்தான் குறிவைத்தோம் என்றது தாலிபான். வாசலில் இறந்தவர்கள் 20 பேருக்கு மேல். ஒரு அமெரிக்க வீரர், ஒரு அமெரிக்க ஒப்பந்த ஊழியர், ஒரு தென்கொரிய வீரர். மற்ற எல்லோரும் ஆப்கானியர்கள். பெரும்பாலும் தளத்துக்குள் அன்றைய வேலைக்குப் போகச் சோதனைக்குக் காத்து நின்றவர்கள்.

இந்த மாதிரிச் செய்தி நம் மேசைக்கு வந்தால் எப்படி எழுதுவோம்? ‘அமெரிக்க வீரர், கொரிய வீரர் மற்றும் பலர் பலி.’ இந்த ‘மற்றும்’ என்ற சொல்லோடு எனக்கு இருபது வருடச் சண்டை. இந்த அலுவலகத்தில் எத்தனையோ உதவி ஆசிரியர்கள் இதற்காக என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். தமிழுக்கு எண்ணும்மை இருக்கிறது. வீரரும் ஓட்டுநரும் கூலிக்காரரும் என்று எழுதிப் பாருங்கள். ஆளுக்கொரு ‘உம்’ கிடைக்கும். யாரையும் விட்டுவிட முடியாது. ‘மற்றும்’ வந்தால் அதற்கு முன்னால் நிற்பவர்களுக்குப் பெயர், பின்னால் நிற்பவர்களுக்கு வெறும் எண்ணிக்கை. சினிமா போஸ்டரில் ‘மற்றும் பலர்’ போட்டுக்கொள்ளுங்கள். சாவுச் செய்தியில் போடாதீர்கள்.

2009 டிசம்பர் 30 அன்று ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் நகருக்குப் பக்கத்தில், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ இயங்கிவந்த சேப்மன் முகாமில் நடந்ததும் இப்படித்தான். ஜோர்டான் டாக்டர் ஒருவனை, உளவு சொல்ல வருகிறான் என்று நம்பி, வாசலில் சோதிக்காமல் உள்ளே விட்டார்கள், இறங்கியதும் வெடித்தான். சிஐஏ தரப்பில் 7 பேர், ஜோர்டான் உளவு அதிகாரி ஒருவர். இந்த எட்டுப் பேரோடு நிறுத்திக்கொண்ட கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். எல்லையிலிருந்து அவனைக் காரில் ஏற்றி வந்த ஆப்கானியரும் செத்துப்போனார்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்களே, 1983 அக்டோபர் 23 அன்று லெபனானின் பெய்ரூட்டில் குண்டு லாரி நேரே அமெரிக்கப் படைவீட்டுக்குள் புகுந்து வெடித்து 241 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். அதிலிருந்து படித்த பாடம், வாசலைக் கட்டடத்தை விட்டு எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வை என்பது. சரியான பாடம்தான். ஆனால் தள்ளி வைத்த வாசலில் யார் நிற்பது? துணை அதிபர் வந்து நிற்பதில்லை. சோதனை கூடக் கூட வரிசை நீளும். வரிசை நீள நீளக் கூலிக்காரன் அங்கே நிற்கிற நேரமும் நீளும். உள்ளே இருப்பவர்களுக்கும் குண்டுக்கும் நடுவே அவன் உடம்புதான் இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் கணக்குப்படி அன்று பாக்ராமில் எல்லாம் சரியாகவே நடந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கொரிய வீரர் யூன் ஜாங் ஹோ, 27 வயது, மொழிபெயர்ப்பாளர். தொழிற்பயிற்சிக்கு வரும் உள்ளூர்க்காரர்களை உள்ளே கூட்டிப்போக வாசலுக்கு வந்து நின்றவர். அவர் பெயர் எனக்குத் தெரிவதற்குக் காரணம், அவர் நாடு அதை எழுதி வைத்திருக்கிறது. அவரோடு இறந்த ஆப்கானியர்களைக் கறுப்புப் பைகளிலும் மரப்பெட்டிகளிலும் வாசலிலிருந்து எதிரே கடைவீதிக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள், அவரவர் ஆளைத் தேடி எடுத்துக்கொள்ள.