கம்பு பிடித்த கைக்குக் கூலி

அன்புள்ள ஐயா,

தேவிபட்டினம் பக்கம் கடலோரக் கிராமம் எனக்கு. சின்ன வயதிலேயே சிலம்பம் பழகி, மாநில அளவில் தொடுமுறையில், அதாவது எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் ஆட்டத்தில், பதக்கம் வாங்கினேன். முழங்கால் போனபின் போட்டிக்குப் போவதில்லை. இப்போது சாயங்காலங்களில் கடற்கரையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. 'வித்தையை விற்காதே' என்பது என் ஆசான் வாக்கு. 'இன்னும் எத்தனை நாளைக்குக் கம்பு சுத்துவ?' என்று வீட்டில் கேட்கிறார்கள். விட்டுவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

விடாதீர்கள். ஆனால் காசு வாங்குங்கள்.

உங்கள் ஆசானுக்கு வேறு தொழில் சோறு போட்டிருக்கும். அவர் பிள்ளைகளை ஊர் ஊராகப் போட்டிக்குக் கூட்டிப்போகவும் இல்லை. இன்று பஸ் செலவு, நுழைவுக் கட்டணம், அடிபட்டால் மருந்து எல்லாம் உங்கள் பையிலிருந்துதான் போகும். இப்படி இலவசமாகச் சொல்லிக்கொடுத்த நல்ல பயிற்சியாளர்கள் கல்யாணம் ஆனதும் வளைகுடாவுக்கு விமானம் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். அதோடு அந்த ஊரில் கம்பு ஓய்ந்துவிடும். எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மீனவர் வீட்டில் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடையால் விசைப்படகு கரையில் நிற்கும் அந்த 61 நாளும் கேட்காதீர்கள். பள்ளி விடுமுறையும் அப்போதுதான், கோடைப் பயிற்சி முகாமை இலவசமாகவே நடத்துங்கள். மற்ற மாதங்களில் வீட்டு நிலை பார்த்து வாங்குங்கள். டியூஷனுக்குக் கொடுக்கிறவர்கள் இதற்கும் கொடுப்பார்கள்.

நன்றாக ஆடியவரெல்லாம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்றில்லை. மண்டபம் பக்கம் ஒருவரைப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு எதிரே நின்றதால் கம்பை இடக்கையில் வீசிக்காட்டினார், அவர்கள் வலக்கையில் அப்படியே செய்தார்கள். அவர் கண் கம்பில் இல்லை, காலடியில் இருந்தது. ஒரு சிறுமியை நிறுத்தி, ஈர மணலில் அவள் குதிகால் பதிந்த குழியில் விரலை வைத்தார். "இங்க ஏன் இம்புட்டு ஆழம்? வெயிட்டெல்லாம் பின்னால கெடக்கு. அடி வந்தா எப்படித்தா நகருவ?" அடுத்த சுற்றில் அவள் பாதம் மாறியது. இந்தக் கண் உங்களுக்கு வாய்க்க வேண்டும். போட்டி நெருங்கும்போது பிள்ளைகளைச் சிமெண்டுத் தரைக்குக் கொண்டுபோங்கள். மணலில் பழகிய கால் அங்கே சறுக்கும்.

இன்னொன்று, கண்டிப்பாகவே சொல்கிறேன். பணம் கட்டினால் 'உலக சாதனை' சான்றிதழ் தருகிற நிகழ்ச்சிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். அந்தக் காகிதம் எதற்கும் உதவாது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் இருக்கிறது. ஆனால் அங்கே அங்கீகாரம் பெற்ற போட்டிச் சான்றிதழ்தான் செல்லும். எது அங்கீகாரம் பெற்றது என்பதை ராமநாதபுரம் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு அதன்பின் பெற்றோரிடம் பணம் கேளுங்கள்.

உங்களுக்கும் ஒரு பிடிமானம் வேண்டும். பட்டம் முடித்திருந்தால் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்விக் கல்லூரியில் பி.பி.எட். (உடற்கல்வி இளநிலைப் பட்டம்) பாருங்கள், இரண்டு வருடப் படிப்பு. பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கு அது வழி. முழங்கால் காயத்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு விண்ணப்பியுங்கள், சேர்க்கையில் உடல்தகுதியும் பார்ப்பார்கள். பட்டம் இல்லையென்றால் எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம்.