துப்பாக்கிச் சாவுகள்: அமெரிக்க நிலவரம் – கேள்வி பதில்

கே: அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் சுட்டதுதான் எப்போதும் செய்தியில் வருகிறது. சாவும் அதில்தான் அதிகமா?

ப: இல்லை. 2023இல் துப்பாக்கியால் இறந்தோர் சுமார் 46,700 பேர். அதில் ஏறத்தாழ 27,300 தற்கொலை, 17,900 கொலை. கூட்டத்தில் புகுந்து சுடுவது இதில் சிறு பங்குதான்.

கே: சாக நினைப்பவர் வேறு வழி தேடமாட்டாரா சார்? துப்பாக்கியைப் பூட்டி வைத்து என்ன பயன்?

ப: பெரும்பாலும் தேடுவதில்லை. அந்த வேகம் பல நேரம் சில மணி நேரத்திலேயே தணிந்துவிடும். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி அந்த அவகாசத்தைக் கொடுக்காது. வீட்டில் ஒருவர் மனமுடைந்திருந்தால் பூட்டு மட்டும் போதாது. அவர் தேறும்வரை துப்பாக்கி வீட்டிலேயே இருக்கக் கூடாது. சில துப்பாக்கிக் கடைகளும் காவல் நிலையங்களும் வாங்கி வைத்துக்கொள்ளும். முன்கூட்டி ஃபோன் செய்து கேளுங்கள். கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். 988 என்ற அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

கே: டெக்சஸில் இருக்கிறோம். கணவர் பிஸ்டல் வாங்கியிருக்கிறார். பையனுக்கு 6 வயது. எப்படி வைப்பது?

ப: முதலில் மேகசினை (தோட்டாக்களை அடுக்கிய உறையை) கழற்றுங்கள். பிறகு ஸ்லைடை (பிஸ்டலின் மேலே நகரும் பாகத்தை) பின்னால் இழுத்து, சேம்பரை (சுடுவதற்குத் தோட்டா வந்து நிற்கும் குழியை) கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். மேகசினை எடுத்ததும் காலி என்று நினைப்பதில்தான் விபத்து நடக்கிறது. சேம்பரில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். கேபிள் பூட்டை (கம்பிவடம் கோத்த பூட்டை), சுட்ட தோட்டாவின் உறை வெளியேறும் திறப்பில் நுழைத்து மேகசின் செருகும் வழியாக வெளியே எடுத்துப் பூட்டுங்கள். ஸ்லைடு மூடாது. டிரிகர் வளையத்தில் சுற்றினால் வீண். அதன்பின் இரும்புப் பெட்டி. தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிச் சாவி. பெட்டி எண்ணாகப் பையனின் பிறந்தநாள் வேண்டாம். பரண்மேல் ஒளித்து வைப்பதை நம்பாதீர்கள், பிள்ளைகளுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். பல ஊர்களில் காவல்துறையே கேபிள் பூட்டை இலவசமாகத் தருகிறது. பையன் விளையாடப் போகும் வீட்டிலும், "துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கே: வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கச் சட்டம் இருக்கிறதே?

ப: 1993ஆம் ஆண்டின் பிராடி சட்டம் உரிமம் பெற்ற விற்பனையாளரை மட்டுமே கட்டுப்படுத்தும். தனிநபர் தனிநபருக்கு விற்றால் பல மாநிலங்களில் சோதனையே இல்லை. கடையிலும் 3 வேலை நாட்களில் பதில் வராவிட்டால் விற்றுவிடலாம். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன் இந்த ஓட்டையில்தான் வாங்கினான்.

கே: மனநோய்தானே மூலகாரணம்?

ப: மனநோய் எந்த நாட்டில் இல்லை? நோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. முன்பே கைநீட்டியவர், மனைவியை மிரட்டியவர், போதையில் இருப்பவர்: இவர்களிடம் துப்பாக்கி இருப்பதுதான் ஆபத்து.

கே: தெருவில் நடக்கும் சுடுதலுக்கு என்ன செய்வது?

ப: போலீஸ் மட்டுமே வழியல்ல. பிலடெல்பியாவில் பாழடைந்த காலிமனைகளைச் சுத்தம் செய்து, புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29% குறைந்ததாக 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. புதரும் குப்பையும் துப்பாக்கியை ஒளிக்க வசதி. அவை போனால் அந்த வசதியும் போகும். நட்டுவிட்டு அப்படியே விட்டால் மீண்டும் புதர் மண்டிவிடும், அதனால் புல் வெட்டும் செலவையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.