சிவப்பாக இருந்த போவா பாம்புக் குட்டி பச்சையாக மாறுவது நோயா?

கேள்வி: நகரியில் நண்பர் முறைப்படி பதிவு செய்து வளர்க்கும் மரகத மரப் போவா, குட்டியில் செங்கல் நிறமாக இருந்தது. இப்போது திட்டுத்திட்டாகப் பச்சையாகிறது. ஏதாவது நோயா?

நோய் இல்லை. தென் அமெரிக்கக் காட்டுப் பாம்பான இதன் குட்டிகள் சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் பிறக்கும். ஏறத்தாழ ஒரு வயதுக்குள் மெல்ல மெல்லப் பச்சைக்கு மாறிவிடும்.

சட்டை உரிப்பதால் நிறம் மாறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உரிந்து விழுவது மேல்தோல்தான். நிறச் செல்கள் பெரும்பாலும் அதற்கும் அடியில் இருக்கின்றன. அங்கே பச்சை நிறமி என்று தனியாக எதுவும் கிடையாது. நுண்படிகங்கள் நீல ஒளியைத் திருப்பி அனுப்ப, மேலே இருக்கும் மஞ்சள் நிறமி அதோடு சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. அருங்காட்சியகத்தில் சாராயத்தில் ஊறும் பச்சைப் பாம்புகள் நீலமாகிவிடுவது இதனால்தான், மஞ்சள் கரைந்து போய்விடும்.

உரிப்பதற்கு முன் உடல் மங்கி, கண் பால்போல் வெளுப்பது வேறு கதை. உரித்ததும் சரியாகிவிடும்.

அப்புறம், இதற்கெல்லாம் அமேசான் வரை போக வேண்டியதில்லை. உங்கள் ஊர் நிலக்கடலைக் காட்டு மண்ணுளிப் பாம்பும் போவா இனம்தான். குட்டியில் செம்மஞ்சள், வால் பக்கம் கறுப்பு வளையங்கள். வளர்ந்தால் வெறும் பழுப்பு. ஆனால் அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம்.